செல்லாத கப்பலுக்குக் கூலி

மணலியில் வடிக்கப்பட்ட கன்னெய் மாதவரத்தில் விற்கப்படுகின்றது. ஆலைக்கும் விற்பனை நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவைச் சரக்குந்து அரைமணிப் பொழுதில் கடந்துவிடும். ஆயினும், பெட்ரோல் என மக்கள் வழங்கும் அக் கன்னெய்க்கு விலை வகுப்போர், அது பாரசீக வளைகுடாவில் கப்பலேறி, அரபிக்கடலைக் கடந்து, குமரிமுனையைச் சுற்றி, காப்பீட்டுக் கட்டணம் கட்டி, வழியிலே ஆவியாகிச் சிறிது குறைந்து, துறைமுகக் கூலியும் சுங்கமும் செலுத்திக் கரையிறங்கியதாகவே கணக்கெழுதுகின்றனர். அந்தக் கப்பல் எந்தத் துறையினின்றும் புறப்பட்டதில்லை. எந்தத் துறைக்கும் வந்து சேர்ந்ததுமில்லை. கூலி மட்டும் தவறாமல் கொடுக்கப்படுகின்றது. கொடுப்பவர் ஈருருளியில் ஆலைக்குச் செல்லும் தொழிலாளி. தீசல் ஊற்றி விசைப்படகு செலுத்தும் மீனவர். வாடகை உழவுந்தால் இரண்டு காணி உழும் உழவர். தக்காளிக் கூடையைக் கோயம்பேட்டுக்கு ஏற்றிவிடும் சிற்றூர்ப் பெண்.

‘கச்சா எண்ணெய்’ என்று வடசொல் கலந்து வழங்கப்பட்டுவிட்ட கரட்டெண்ணெய் கப்பலில் வருவது மெய்யே. இந்தியா தன் தேவையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கிற்கு மேல் வெளியினின்றே வாங்குகின்றது. அதற்குரிய கப்பற்கூலி, ஆலைத் தொழிலாளரின் சம்பளம், கொதிகலனுக்கு எரித்த எண்ணெய் ஆகியவற்றைக் கூட்டி, அதன்மேல் முறையான ஊதியமும் வைத்து விலை சொன்னால் எவரும் குறை கூறார். ஆனால் அவ்வாறு கூட்டிச் சொல்லப்படுவதன்று இவ் விலை. ஆலைக்கு உண்மையில் என்ன செலவாயிற்று என்னும் கேள்வியே அங்கு எழுவதில்லை. வளைகுடாச் சந்தையின் விலைப்பட்டியை எடுத்து, அதன்மேல் நடவாத கடற்பயணத்தின் செலவையெல்லாம் ஏற்றி எழுதுவதற்கு ‘இறக்குமதி ஒப்பு விலை’ என்று பெயர். 2006-ஆம் ஆண்டு சூன் திங்களில் இது சற்றே திருத்தப்பட்டது. எண்பது பங்கு இறக்குமதி விலை, இருபது பங்கு ஏற்றுமதி விலை எனக் கலந்து, ‘வணிக ஒப்பு விலை’ எனப் புதுப்பெயர் சூட்டினர். பொய் நூற்றுக்கு எண்பதாயிற்று, ஒழியவில்லை.

கரட்டெண்ணெய்க்கும் கப்பற்கூலி உண்டே, இதற்கு அது சரியாகிவிடாதோ என்று நிறுவனங்களின் சார்பில் கேட்போர் உளர். சரியாகின்றதா இல்லையா என்று சொல்ல ஆலையின் உண்மைச் செலவுக் கணக்கு வேண்டும். ஓர் இலிட்டர் கன்னெய் வடிக்க என்ன ஆயிற்று என்பது மக்கள் முன் வைக்கப்படுவதே இல்லை. மேலும், சுங்கத்துக்கு இவர்கள் என்ன விடை சொல்வர்? 2011-ஆம் ஆண்டு சூன் திங்களில் கரட்டெண்ணெய் மீதிருந்த சுங்கம் முற்றும் நீக்கப்பட்டது. வடித்த கன்னெய், தீசல் மீது மட்டும் நூற்றுக்கு இரண்டரை வைக்கப்பட்டது. மணலி ஆலை அந்த இரண்டரையை எந்தச் சுங்கச்சாவடியிலும் செலுத்தவில்லை. செலுத்தாத சுங்கம் விலைக்குள் புகுந்தது யாங்ஙனம்?

இந்தச் சூழ்ச்சி தில்லியில் பிறந்ததன்று. 1928-ஆம் ஆண்டு, இசுகாத்துலாந்தின் அக்னகாரிக் கோட்டையில், பறவை வேட்டைக்கு வந்ததாகப் புறத்தே சொல்லிக்கொண்டு, உலகின் எண்ணெய் வணிகத்தைக் கையில் வைத்திருந்த முதலாளியர் கூடினர். இராயல் தச்சு செல், நியூ செர்சியின் இசுடாண்டர்டு ஆயில், ஆங்கிலோ-பாரசீகக் குழுமம் ஆகியவற்றின் தலைவர்கள் அவர்கள். போட்டியை ஒழித்து உலகச் சந்தையைப் பங்கிட்டுக்கொள்ள அவர்கள் வகுத்த ஏற்பாட்டில் ஒரு விலைமுறையும் அடங்கும். எண்ணெய் எந்த நாட்டுக் கிணற்றினின்று வந்தாலும், அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையினின்று வந்ததாகக் கருதியே விலையும் கூலியும் கணக்கிடப்படும். பக்கத்து ஊர்க் கிணற்று நீருக்குக் கங்கையினின்று கொணர்ந்த கூலி கேட்பதை ஒத்தது இது. இரண்டாம் உலகப் போரின்போது, ஈரானின் அபாதானில் வாங்கிய எண்ணெய்க்கும் அட்லாண்டிக்குக் கடலைக் கடந்த கூலியைத் தன் படைகளே கொடுக்க நேர்ந்தபோதுதான் பிரித்தானிய அரசுக்கு இதன் சூடு தெரிந்தது. அது எதிர்த்த பின்னரே பாரசீக வளைகுடாவும் ஒரு விலைத்தளமாக ஏற்கப்பட்டது. பேரரசு கேட்டால் பேய்க்கூலி நீங்கும். அடிமை நாட்டான் கேட்டால் நீங்குமோ?

நீங்கவில்லை. வெள்ளையர் அகன்ற பின், 1950-களின் தொடக்கத்தில், பருமா-செல், இசுடான்வாக்கு, கால்டெக்சு ஆகிய மூன்றும் துராம்பேயிலும் விசாகப்பட்டினத்திலும் ஆலைகள் அமைக்க நடுவணரசோடு ஒப்பந்தம் செய்தபோது, இறக்குமதி ஒப்பு விலையையே நிலைநாட்டிக்கொண்டன. 1970-களில் அந்நிறுவனங்கள் அரசுடைமையாயின. அப்போதுதான் உண்மைச் செலவின்மேல் வரையறுத்த ஊதியம் என்னும் முறை வந்தது. அதற்கும் குறைகள் உண்டு. செலவைக் கூட்டிக் காட்டும் ஆலைக்கே அது ஊக்கமளித்தது என்பர். ஆயினும் அம்முறையில் கணக்கு மண்ணில் நின்றது. 1998-ஆம் ஆண்டு ஆலை வாயில் விலையிலும், 2002 ஏப்பிரல் முதல் நாளினின்று முழுமையாகவும், பழைய பேய்க்கூலிக்கே தில்லி திரும்பிற்று. பருமா-செல் எழுதிய கணக்கை, பருமா-செல்லை வாங்கிய அரசே தூசு தட்டி எடுத்துக்கொண்டது.

காவிரிப் படுகையில் இது இன்னும் வெளிப்படை. நரிமணத்திலும் கமலாபுரத்திலும் அடியக்கமங்கலத்திலும் நெல்வயலின் நடுவே துளையிட்டு எடுத்த எண்ணெய், 1993-ஆம் ஆண்டு தொட்டு நாகை அருகே பனங்குடி ஆலைக்குச் சென்றுவந்தது. இந்தியா முழுமைக்குமான தேவையை நோக்க அது மிகச் சிறிய அளவே. அதனைக் கொண்டு விலை குறைந்துவிடும் என்று எவரும் மயங்க வேண்டா. ஆனால் முறையைப் பார்க்க அது போதும். அவ்வெண்ணெய் கடலைக் கண்டதே இல்லை. அதற்கும் விலை அயல்நாட்டு எண்ணெய் விலையை ஒட்டித் தாலரில். அதினின்று வடித்த தீசலுக்கும் விலை வளைகுடாப் பட்டியை ஒட்டி. அந்த வயலுக்குரிய உழவரே அத் தீசலை வாங்கி அந்த வயலை உழுதார்.

இவ்விடத்தில் ஒரு சொல்லையும் ஆராய்தல் வேண்டும். 2011–12-ஆம் ஆண்டில் எண்ணெய் நிறுவனங்களுக்கு 1,38,541 கோடி உருபா ‘அண்டர் ரெக்கவரி’ எனச் செய்தித்தாள்கள் எழுதின. தமிழ்த் தாள்கள் அதனை ‘இழப்பு’ என்று பெயர்த்தன. அது இழப்பன்று. இறக்குமதி ஒப்பு விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாடே அது. ஒருவன் தன் மாட்டை நூறு உருபாவுக்கு விற்கலாம் என்று கனவு கண்டு எண்பதுக்கு விற்றால், இருபது உருபா இழந்தவன் ஆவானா? வாங்கிய விலை அறுபதா எண்பத்தைந்தா என்று தெரிந்தாலன்றோ இழப்பைச் சொல்ல முடியும்! அதே ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 3,954 கோடி உருபா நிகர ஊதியம் காட்டிற்று. நடுவணரசின் ஈட்டுத்தொகையும் எண்ணெய் தோண்டும் நிறுவனங்கள் கொடுத்த தள்ளுபடியும் இல்லாவிடின் அந்த ஊதியம் வந்திராது என்பது உண்மை. ஆயின், ‘பெறாத வரவு’ எனத் தமிழில் எழுதியிருக்க வேண்டியதை ‘இழப்பு’ என எழுதியதால், எண்ணெய் நிறுவனங்கள் மக்களுக்காகக் குருதி சிந்துவதாக ஒரு பொய்த்தோற்றம் ஊரெங்கும் பரவிற்று. அந்தத் தோற்றத்தின் மேல்தான் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது: கன்னெய்க்கு 2010 சூன் 26, தீசலுக்கு 2014 அக்தோபர் 19.

கட்டுப்பாடு நீங்கினால் உலகச் சந்தையில் ஏறும்போது ஏறும், இறங்கும்போது இறங்கும் என்றனர். ஏறியதை மக்கள் கண்டனர். இறங்கியது எங்கே போயிற்று?

2014-ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய் நூறு தாலருக்கு மேல் விற்ற கரட்டெண்ணெய், 2016 சனவரியில் முப்பது தாலருக்கும் கீழே வீழ்ந்தது. அதற்கிடையில், 2014 நவம்பர் முதல் 2016 சனவரி வரை, நடுவணரசு ஆயத்தீர்வையை ஒன்பது முறை உயர்த்திற்று. கன்னெய் மீது இலிட்டருக்கு 9 உருபா 48 காசாக இருந்த தீர்வை 21 உருபா 48 காசாயிற்று. தீசல் மீது 3 உருபா 56 காசு, 17 உருபா 33 காசாயிற்று. அடுத்து 2020. ஊரடங்கில் கூலிவேலை நின்று, நடந்தே ஊர் சேர்ந்தவர்கள் சாலையில் கிடந்த மே திங்களில், ஒரே நாளில் கன்னெய்க்குப் பத்து உருபாவும் தீசலுக்குப் பதின்மூன்று உருபாவும் தீர்வை ஏற்றப்பட்டது. மொத்தத் தீர்வை கன்னெய்க்கு 32 உருபா 98 காசு. அதற்கு முந்திய ஏப்பிரலில் இந்தியா வாங்கிய கரட்டெண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 19 தாலர் 90 காசே. ஒரு பீப்பாய்க்கு 159 இலிட்டர். தாலருக்கு அன்று ஏறத்தாழ 76 உருபா. கணக்குப் போட்டுப் பார்ப்பார்க்கு விளங்கும்: ஓர் இலிட்டர் கரட்டெண்ணெய் ஒன்பதரை உருபா, அதினின்று வடித்த ஓர் இலிட்டர் கன்னெய் மீது தீர்வை முப்பத்து மூன்று உருபா. பாலைநிலத்தில் துளையிட்டவனுக்கும், கப்பலோட்டியவனுக்கும், வடித்தவனுக்கும் கிட்டாத பெரும்பங்கு, ஒரு துளியும் தோண்டாத தில்லிக்குப் போயிற்று.

எண்ணெய் மீது நடுவணரசு தண்டிய ஆயத்தீர்வை 2014–15-இல் ஏறத்தாழ 99,000 கோடி உருபா. 2020–21-இல் ஏறத்தாழ 3,73,000 கோடி. ஊர்திகள் ஓடாமல் நின்ற ஆண்டில் இத்துணை! இதற்கு எட்டுத் திங்கள் முன்பு, 2019 செப்தம்பரில், பெருநிறுவனங்களின் வருமான வரியை நூற்றுக்கு முப்பதினின்று இருபத்திரண்டாகக் குறைத்து, அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி உருபா வருவாய் குறையும் என்று நடுவண் நிதியமைச்சகமே அறிவித்தது. ஒரு கையால் முதலாளியர்க்கு விட்டுக்கொடுத்ததை மறு கையால் ஈருருளிக்காரரிடம் பிடுங்கினர்.

இனி, தமிழ்நாடு உன்னி நோக்க வேண்டிய பகுதி. ஆயத்தீர்வை என்பது மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய வரி என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். அரசியலமைப்பின் 270, 271-ஆம் உறுப்புகள் ‘செசு’ என்றும் ‘சர்சார்சு’ என்றும் பெயரிட்டுத் தண்டும் வரிகளைப் பகிர்வுக்கு அப்பால் வைத்துள்ளன. 2018 பிப்பிரவரியில் நடந்த கைவன்மையைப் பாருங்கள். கன்னெய் மீதான அடிப்படைத் தீர்வை 6 உருபா 48 காசினின்று 4 உருபா 48 காசாகக் குறைக்கப்பட்டது. ஆறு உருபாவாக இருந்த கூடுதல் தீர்வை நீக்கப்பட்டு, எட்டு உருபாச் சாலைச் செசு வைக்கப்பட்டது. வாங்குவோர்க்கு ஒரு காசும் குறையவில்லை; ஒரு காசும் கூடவில்லை. மாநிலங்களுக்குப் பங்குள்ள இரண்டு உருபா, பங்கில்லாத இரண்டு உருபாவாக ஒரே இரவில் மாறிற்று.

2021 பிப்பிரவரியில் அது முழுமை பெற்றது. அந்தத் திங்கள் 16-ஆம் நாள் தில்லியில் கன்னெய் 89 உருபா 29 காசு. அதில் நிறுவனம் விற்பனையாளரிடம் பெற்ற விலை 32 உருபா 10 காசு. விற்பனையாளர் கழிவு 3 உருபா 68 காசு. தில்லி மாநிலத்தின் வரி 20 உருபா 61 காசு. நடுவண் தீர்வை 32 உருபா 90 காசு. அந்த முப்பத்திரண்டே முக்காலே சொச்சத்தில் பகிர்வுக்குரிய அடிப்படைத் தீர்வை 1 உருபா 40 காசு மட்டுமே. எஞ்சியன சிறப்புக் கூடுதல் தீர்வை 11 உருபா, சாலைச் செசு 18 உருபா, வேளாண்மைச் செசு இரண்டரை உருபா. நிதிக்குழுவின் வரையறைப்படி அந்த 1 உருபா 40 காசில் நூற்றுக்கு நாற்பத்தொன்று எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து: ஐம்பத்தேழு காசு. அதில் தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு நான்கு சொச்சம்: இரண்டேகால் காசுக்குச் சற்று மேல்.

‘செசு’, ‘சர்சார்சு’ என்னும் அயற்சொற்களை வானொலியும் செய்தித்தாள்களும் அப்படியே ஒலித்துக்கொண்டிருப்பதால்தான் இத்துணைப் பெரிய பறிப்பு மக்கள் காதில் ஏறவில்லை. ‘பங்கிடா வரி’ என்று ஒரு நாள் எழுதியிருந்தால் திண்ணைப் பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கியிருக்கும்.

மாநில அரசும் வரி வாங்குகின்றதே என்பர். வாங்குகின்றது, அவ்வரியில் ஒரு பகுதி விலையை ஒட்டி ஏறுவதால், விலையேற்றத்தில் மாநிலக் கருவூலமும் சிறிது நனைகின்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் 2017-இல் சரக்கு, பணி வரி வந்த பின் மாநிலம் தானே வரையறுக்கக் கூடிய பெருவரி எண்ணெயும் மதுவுமன்றி வேறென்ன எஞ்சிற்று? 2021 ஆகத்தில் தமிழ்நாட்டரசு கன்னெய்க்கு மூன்று உருபா குறைத்து, ஆண்டுக்கு 1,160 கோடி உருபா இழப்பை ஏற்றது. பெருஞ்சுமையை வைத்தவன் விலகி நின்றுகொள்ள, சிறுசுமைக்காரனை நோக்கி ‘நீ இறக்கு’ என்பது எந்த முறை?

நிறுவனங்களின் கதைக்கு வருவோர், அது இன்னும் வியப்பானது எனக் காண்பர். விலை நாள்தோறும் சந்தையால் மாறும் என 2017 சூன் 16-இல் அறிவித்தனர். ஆனால் 2021 நவம்பர் தொடக்கத்தினின்று 137 நாள் சந்தை உறங்கிற்று. உத்தரப்பிரதேசத்திலும் பஞ்சாபிலும் தேர்தல் முடிந்தது. 2022 மார்ச்சு 22-இல் சந்தை விழித்தெழுந்து பதினாறு நாளில் பதினான்கு முறை ஏறி, பத்து உருபாவைக் கொண்டுபோயிற்று. பின்னர் மீண்டும் உறக்கம். அதற்குள், உக்கிரைன் போரினால் மேலைநாடுகள் ஒதுக்கிய உருசிய எண்ணெய் தள்ளுபடி விலையில் வந்து குவிந்தது. போருக்கு முன் நூற்றுக்கு இரண்டுகூட இல்லாதிருந்த உருசியப் பங்கு, 2023–24-இல் மூன்றிலொரு பங்கைத் தாண்டிற்று. 2022 சூனில் 116 தாலராக இருந்த கரட்டெண்ணெய் மறு ஆண்டு நடுவில் 75 தாலர். விற்பனை நிலையத்தில் விலை அசையவில்லை.

முந்திய இழப்பை ஈடுசெய்கிறோம் என்றனர். இழப்பு இருந்தது, 2022–23-இல் இந்துத்தான் பெட்ரோலியம் 8,974 கோடி உருபா இழந்தது. சமையல் வளிக்கென நடுவணரசு 22,000 கோடி கொடுத்துமிருந்தது. ஆனால் 2023–24-இல் நிகர ஊதியம் இந்தியன் ஆயிலுக்கு 39,619 கோடி. பாரத் பெட்ரோலியத்துக்கு 26,673 கோடி. இந்துத்தானுக்கு 14,694 கோடி. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி! ஈடு முடிந்து எத்துணைத் திங்கள் கழிந்தும் குறையாத விலை, 2024 மார்ச்சு 15-இல் இரண்டு உருபா குறைந்தது. நாடாளுமன்றத் தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டது மார்ச்சு 16.

குசராத்தின் சாம்நகரிலும் வாடினாரிலும் உள்ள தனியார் ஆலைகள் மலிந்த எண்ணெயை வடித்து ஏற்றுமதி செய்து திரட்டிய மிகை ஊதியத்தின் மீது, 2022 சூலையில் ஒரு வரி விதிக்கப்பட்டது. 2024 திசம்பரில் நீக்கவும் பட்டது. விதித்தது நன்றே. ஆனால் அதனையும் எந்தப் பெயரில் விதித்தனர்? சிறப்புக் கூடுதல் தீர்வை! முதலாளியிடமிருந்து பிடுங்கினாலும், மக்களிடமிருந்து பிடுங்கினாலும், மாநிலத்துக்குப் பங்கில்லை.

2025 ஏப்பிரலில் உலக விலை மறுபடி சரிந்தது. அந்தத் திங்கள் 8-ஆம் நாளினின்று தீர்வை இரண்டு உருபா ஏற்றப்பட்டது; நிறுவனங்களே ஏற்றுக்கொள்ளும், மக்களுக்கு விலை கூடாது என்று ஆறுதலும் சொல்லப்பட்டது. குறைந்திருக்க வேண்டிய இரண்டு உருபா குறையாமற் போனதை எவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு உருபாவும் சேர்ந்தது அதே சிறப்புக் கூடுதல் தீர்வைக் கணக்கில்.

எண்ணெய் மீதுள்ள செசுகளும் கூடுதல் தீர்வைகளும் அடிப்படைத் தீர்வையில் சேர்க்கப்பட்டுப் பகிர்வுக்குள் வரவேண்டும். மாநிலம் தன் வரியை விலக்கி மீனவர்க்கு வழங்கும் தீசலுக்கு நடுவண் தீர்வையும் விலக்கப்படல் வேண்டும். மணலியில் ஓர் இலிட்டர் கன்னெய் வடிக்க ஆகும் உண்மைச் செலவு, கப்பற்கூலி இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, ஊதியம் இவ்வளவு எனத் திங்கள்தோறும் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு விற்பனை நிலையத்திலும் விலைப்பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிடப்படல் வேண்டும்.